மாமி தாண்டாத வசனம்

எங்கள் சின்ன வயதில் ஊரில் பக்தி இருந்தது, இப்போதுதான் எல்லாம் கெட்டுப்போச்சு என்று நீங்களெல்லாம் ஒருமித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கனடாவிலிருந்து ஒருத்தி தொடங்குகிறாள், பாரிசிலிருந்து ஒருத்தன் அதற்கு ஆமென் போடுகிறான். என்னோடு ஒரே வாங்கில் இருந்து ஞானோபதேசம் பாடமாக்கியவர்கள் நீங்கள். உங்களுக்கு ஞாபகம் பிசகிப்போனதா, அல்லது அப்போதே ஒன்றும் கண்ணில் படவில்லையா, தெரியாது. எனக்கு நினைவிருப்பது சத்தம். ஊர் முழுக்கச் சத்தம்.

சத்தமும் வேகமும். பொழுதுபட்டதும் நாங்கள் எங்கள் வீட்டு விறாந்தையில் முழங்காலில் நிற்போம். எங்கள் ஐயா செபமாலையின் முதற்பாதியைச் சொல்லி முடிக்குமுன் நாங்கள் மறுபாதியைத் தொடங்கிவிட வேண்டும். பிந்தினால் குட்டு விழும். கல்லொழுங்கையில் உருட்டிவிட்ட தகரப்பீப்பா மாதிரி ஓடும் அவருடைய செபம். கோயில் மூப்பர் அதைவிட வேகம். செத்தவீட்டில் அவர் புனிதர்களின் பெயர்களைக் கூப்பிட்டு மன்றாடத் தொடங்கினால், வாய்க்குள் போட்ட வெற்றிலை சிவக்குமுன் மோட்சம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார். அதற்காகவே அவரைத் தேடி வந்து கூட்டிப்போவார்கள். "மூப்பர் வந்தாரெண்டால் சுணக்கமில்லை" என்பது அவருக்குக் கிடைத்த பெரிய பட்டம். கடவுளிடம் போய் நிற்பதிலும் சுணங்காமல் திரும்புவதுதான் எங்கள் ஆட்களுக்கு முக்கியம்.

இவர்களுக்கு நடுவில்தான் மாமி வாசித்தார்.

மாமி ஐயாவின் தங்கை. கலியாணம் ஆகாதவர், எங்களோடு இருந்தார். "எங்கட சோத்திலை இருக்கிறா" என்று அம்மா அயலுக்குச் சொல்வார். அந்தச் சோற்றை உலையில் போட்டதும் வடித்ததும் மாமிதான் என்பதை அம்மா சொல்வதில்லை. ஒருமுறை காய்ச்சலாய் மாமி ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரியில் கிடந்தபோது, அங்கே வேலைபார்த்த நேர்ஸ் ஒருத்தர் அவருக்கு ஒரு புதிய ஏற்பாடு கொடுத்திருந்தார். அந்த நேர்ஸ் வேதக்காரி, புரட்டஸ்தாந்து சபை. எங்கள் ஆட்கள் அவர்களைப் 'பதிதர்' என்பார்கள், ஏதோ தொற்றுநோய்க்காரரைச் சொல்வதுபோல. பதிதரின் புத்தகம் கத்தோலிக்க வீட்டில் இருக்கக்கூடாது. மாமி அதைத் தையற்பெட்டிக்குள் வைத்திருந்தார். கறுப்பு மட்டை, முனைகள் வெளுத்து நார் கிளம்பியிருக்கும். விரித்தால் ஆசுப்பத்திரி மருந்து வாசம் வரும். பிறகு பிறகு கருவாடும் மண்ணெண்ணெயும் மணக்கத் தொடங்கியது.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்த காலம் அது. தமிழில் கேட்டதும் ஊர் அதிர்ந்துபோயிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒருவரும் அசையவில்லை. லத்தீனில் எப்படிக் கொட்டாவி விட்டார்களோ அப்படியே தமிழிலும் விட்டார்கள்.

மத்தியானம் சட்டிபானை கழுவிக் கவிழ்த்தபிறகு, மாமி குசினிக்குப் பின்னால் பூவரசு நிழலில் சாக்கு விரித்து இருப்பார். புத்தகத்தைத் திறந்து ஒரு வசனத்தை மெல்லிய குரலில் வாசிப்பார். விரலை உள்ளே வைத்தபடி மூடிவிடுவார். கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பத் திறந்து அதே வசனத்தை வாசிப்பார், இந்தமுறை வேறொரு சொல்லில் நிறுத்தி. பிறகு கண்ணை மூடி ஏதோ சொல்வார், யாரோ பக்கத்தில் இருக்கிற மாதிரி, செபப்புத்தகத்தில் இல்லாத சாதாரணக் கதையாக. கிழமைக்கணக்கில் ஒரே பக்கத்தில் நிற்பார்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். வகுப்பில் வாசிப்பில் முதலாவது நான்தான். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

"மாமி, இன்னும் அந்தப் பக்கத்திலையோ நிக்கிறியள்?"

"ஓம் பிள்ளை."

"எழுத்துக்கூட்டிக் கஷ்டமெண்டால் நான் வாசிச்சுத் தாறன்."

மாமி சிரித்தார். "வாசிக்கத் தெரியும். தாண்டத்தான் தெரியேல்லை."

ஊரின் தீர்ப்பும் என்னுடையதைப்போலத்தான் இருந்தது. வாசிக்கத் தெரியாதவள் என்றார்கள் சிலர். கலியாணம் ஆகாததால் மூளை இளகிவிட்டது என்றார்கள் வேறு சிலர். உபதேசியார், எங்களுக்கு ஞானோபதேசம் படிப்பித்த அதே பெரியமனிதர், "வேதப்புத்தகத்தை அப்பிடி உத்துப் பாத்தால் விசர்தான் பிடிக்கும்" என்று வகுப்பிலேயே சொன்னார். நீங்களும் கேட்டுச் சிரித்தீர்கள். இன்றைக்கு மாமி செய்ததற்கு அழகான பெயர்கள் இருக்கின்றன. இறைவார்த்தைத் தியானம் என்கிறார்கள். மண்டபம் எடுத்து, ஒலிபெருக்கி கட்டி, மத்தியானச் சாப்பாட்டுப் பொதியோடு நடத்துகிறார்கள். உபதேசியாரின் பேரன்தான் முன்னுக்கு நின்று கிற்றார் அடிக்கிறானாம்.

அந்தப் புத்தகம் பொல்லாத வேலை ஒன்றைச் செய்தது. அதைச் சொல்வதற்கு எங்கள் குடும்பத்தின் சாவு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஐயாவுக்கு ஒரு தமையன். எனக்குப் பெரியப்பா. அவருக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே மகன், மீசை அரும்பிய வயது. எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, வாடைக்காலத்தில் ஐயாவின் வள்ளம் கவிழ்ந்தது. ஐயா பலகையைப் பிடித்து மிதந்து கரைசேர்ந்தார். கூடப்போன அந்த மகன் பக்கத்து ஊரான சரவணைக் கரையில் பிணமாக ஒதுங்கினான். பெரியப்பா அன்றைக்கு ஊரில் இல்லை, மன்னாரில் தொழிலுக்கு நின்றவர். வந்து சேர்ந்து, பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "என்ர பிள்ளையை நீதானே கொண்டுபோனனீ" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார். ஐயா கூட்டத்துக்குக் கேட்கச் சொன்னார்: "நான் ஏறாதையடா எண்டு சொன்னனான். அவன் கேக்கேல்லை. தாயின்ர சொல்லையும் கேக்காமல் வந்து ஏறினவன்."

ஊர் ஐயாவை நம்பியது. வெள்ளைச் சேட்டு, கோயிலில் முன்வரிசை, வேகமான செபமாலை. நம்பாமல் என்ன செய்யும்? பெரியப்பாதான் நன்றிகெட்டவர் என்று முடிவாயிற்று. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று ஐயா கட்டளையிட்டார். பெரியம்மா கோயிலுக்கு வருவதையும் விட்டுவிட்டார். "விசுவாசமில்லாதவள், அதுதான் கடவுள் தண்டிச்சவர்" என்று மூப்பரின் மனைவி சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியைப் பற்றி, கழுத்தில் மாதாவின் உத்தரியம் தொங்க, பாயாசம் குடித்துக்கொண்டு சொன்னது.

நான் சொல்கிற வருசம் தபசுகாலம் முடிந்து சோழகக் காற்றுத் தொடங்கிய நேரம், மாமி ஒரு வசனத்தில் போய் நின்றார். நீங்கள் எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டதுதான். காணிக்கையோடு பீடத்துக்கு வருகிறவன், தன்மேல் சகோதரனுக்கு மனக்குறை இருப்பதை அங்கே நினைத்துக்கொண்டால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போய் ஒப்புரவாக வேண்டும், பிறகு வந்து செலுத்த வேண்டும் என்று சொல்கிற இடம்.

அந்த இடத்தில் மாமி வைகாசி முழுவதும் நின்றார். மீன் வெட்டும்போது அதே. ஓலை பின்னும்போது அதே. வர வரச் சாப்பாடு குறைந்தது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு ஐயாவுக்குப் புட்டு வைத்துக்கொண்டே கேட்டார்.

"சின்னண்ணை, எனக்கு ஆரிலையும் கோவமெண்டால் நான் மன்னிக்கலாம். மற்ற ஆளுக்கு என்னிலை மனக்குறை எண்டால் நான் என்ன செய்யிறது?"

"அது அவையின்ர பாவம். உனக்கென்ன?"

"புத்தகத்திலை அப்பிடிக் கிடக்கேல்லை. குறை அவருக்கு. எழும்பிப் போகவேண்டியது நான்."

ஐயா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். அம்மா மாமியை முறைத்தார். அவ்வளவுதான் அன்றைக்கு.

பிறகு அந்தோனியார் திருநாள் வந்தது. கடதாசிப் பூமாலைகளைச் சோழகம் பிய்த்து எறிந்துகொண்டிருந்தது. கோயில் வாசலில் ஐஸ்பழக்காரன் மணி அடித்தான். அந்த வருசம் திருநாட் பூசையில் காணிக்கைப் பவனி எங்கள் குடும்பத்தின் உபயம். ஐயா ஒரு கிழமையாக அதைப் பற்றியே பேசினார். முன்னுக்கு வாழைக்குலை, பின்னுக்கு மெழுகுதிரி, அதற்குப் பின்னால் மாமி ஒரு வெள்ளைச் சாவற்கோழியைக் கால்கட்டி மார்போடு அணைத்துக்கொண்டு போனார். மாமி நேர்த்திக்காக வளர்த்த சாவல். எனக்கோ ஐஸ்பழத்தின் ஞாபகம்; பையில்லாத சட்டையில் சல்லியை எங்கே வைப்பது என்பதே என் யோசனையாக இருந்தது.

மாமி பீடத்துக்கு முன்னால் கிராதியடிக்குப் போனார். பூசைவைத்த சுவாமியார் கையை நீட்டினார். மாமி கொடுக்கவில்லை. குனிந்து சாவலை நிலத்தில் வைத்தார். சீலைத் தலைப்பைச் சரிப்படுத்திக்கொண்டு திரும்பி, நடுவழியாலே, ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையில், வெளிவாசலைப் பார்த்து நடந்தார். ஆர்மோனியம் நின்றது. சாவல் மட்டும் செட்டையடித்தது.

அம்மா என் தோளைக் கிள்ளினார். "ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வா."

நான் ஓடினேன். மாமி நிற்கவில்லை. மணல் முகத்தில் அடிக்க, வடலிப் பனைகளுக்கு ஊடாகப் பெரியப்பா வீட்டுப் பக்கம் நடந்தார். "மாமி, ஐயா அடிப்பார்" என்றேன். "ஓம்" என்றார், அவ்வளவுதான்.

பெரியப்பா முற்றத்தில் கதிரையில் இருந்தார். பெரியம்மா சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தார். திருநாளுக்கென்று அந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. எங்களைக் கண்டதும் பெரியப்பா முகத்தைத் திருப்பினார். மாமி படலையைத் திறந்து உள்ளே வந்து, வெயிலிலேயே நின்று சொன்னார்.

"பெரியண்ணை, நான் ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு விடிய நான் எங்கட குசினி வேலியடியிலை நிண்டனான். சின்னண்ணைதான் பொடியனைக் கூப்பிட்டவர். அவன் வரமாட்டன் எண்டவன். 'அம்மா போகவேண்டாமெண்டவ, சித்தப்பா' எண்டு சொன்னவன். சின்னண்ணை விடேல்லை. 'ஆம்பிளையெண்டால் வா, எத்தினை நாளைக்குத் தாயின்ர சீலைக்குள்ளை ஒளிக்கப்போறாய்' எண்டு பகிடி பண்ணினவர். அதுக்குப் பிறகுதான் அவன் இறங்கிப் போனவன். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் வாய் திறக்கேல்லை."

பெரியப்பா எழும்பினார். எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. அவர் மாமியை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் பெரியம்மா சுளகை வைத்துவிட்டு அவருக்கு முந்தி வந்தார்.

"என்ன சொன்னவன்? திரும்பச் சொல்லும், மச்சாள்."

"அம்மா வேண்டாமெண்டவ எண்டு."

"அப்பிடியே சொன்னவனோ?"

"அப்பிடியேதான் சொன்னவன்."

பெரியம்மா மண்ணில் இருந்துவிட்டார். அன்றைக்கு விடிய மகனிடம் "போகாதை, வானம் சரியில்லை" என்று சொன்னவர் அவர். தன் சொல்லைத் தட்டிவிட்டுப் போய்த்தான் பிள்ளை செத்தான் என்ற நினைப்போடு அத்தனை நாளும் இருந்திருக்கிறார். ஐயாவின் பொய் அவரிடமிருந்து எதைப் பறித்தது என்று ஐயாவுக்குத் தெரிந்திருக்காது. யோசிப்பதற்கு நிற்க வேண்டுமே, அவர் எங்கே நின்றார்?

"என்ர சொல்லை அவன் தட்டேல்லை" என்றார் பெரியம்மா. "கேட்டியளோ, உங்களைத்தான். தட்டேல்லையாம்." பெரியப்பா விழுந்த கதிரையை நிமிர்த்தி வைத்தார். நிமிர்த்திவிட்டு அதில் இருக்காமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பெரியம்மா அழத் தொடங்கினார். மாமி கிட்டப்போய் இருந்தார். ஒருவரும் யாரையும் தேற்றவில்லை.

கொஞ்சநேரத்தில் மாமி எழும்பி, "நேர்த்தி கிடக்கு, போட்டு வாறன்" என்றார்.

நாங்கள் கோயிலுக்குத் திரும்பியபோது பூசை முடிந்து, வளவில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மூப்பரின் கையில் எங்கள் வெள்ளைச் சாவல் தலைகீழாகத் தொங்கியது. சரவணையிலிருந்து ஏலத்துக்கு வந்த சைவக்காரர் ஒருவர் கடைசி விலை கேட்டு நின்றார்.

"அதைத் தாங்கோ" என்றார் மாமி. "அது இன்னும் குடுபடேல்லை."

சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கும். உங்கள் தாய்தகப்பன்மாரின் சிரிப்பு.

"அந்தோனியாருக்கு வந்தது அந்தோனியாருக்குத்தான்" என்றார் மூப்பர்.

சரவணைக்காரர் மாமியைப் பார்த்தார், மூப்பரைப் பார்த்தார். "அவ இன்னும் குடுக்கேல்லை எண்டிறா. பிறகு நான் எப்பிடி அதை வாங்கிறது? எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கினார். அந்தக் கூட்டத்தில் விசயத்தை விளங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அவர் வேதம் வாசித்தவரல்ல, மற்றவர்களும் வாசித்தவர்களல்ல என்பதால் அதைப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாமி சாவலை வாங்கி, வெறுமையாய்க் கிடந்த கோயிலுக்குள் போய், கிராதியடியில் முழங்காலிட்டு வைத்துவிட்டு வந்தார். மூப்பர் பின்னாலேயே போய் எடுத்து வந்து ஏலத்தைத் தொடர்ந்தார்.

பின்னேரம் சுவாமியாரின் அறைவீட்டில் விசாரணை நடந்தது. சுவாமியார், மூப்பர், உபதேசியார், ஐயா. மாமி நடுவில். நானும் அம்மாவும் யன்னலுக்கு வெளியே. ஒரு பிள்ளையின் சாவைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். அதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பூசைக்கு இடையில் எழும்பிப்போனதைக் கேட்டார்கள். புத்தகத்தைக் கேட்டார்கள்.

"இது பதிதற்றை புத்தகம்" என்றார் சுவாமியார். "இதை நீர் வாசிச்சது பாவம் எண்டு தெரியாதோ?"

"சுவாமி, எங்கட புத்தகத்திலை இந்த வசனம் இல்லையோ?"

சுவாமியார் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் கூரையைப் பார்த்தார்.

"இருக்கு" என்றார் சுவாமியார். "ஆனால் அதுக்கு அர்த்தம் சொல்ல நாங்கள் இருக்கிறம்."

"அப்ப சொல்லுங்கோ, சுவாமி. நான் செய்தது பிழையோ?"

 சுவாமியார் படித்த மனிதர், உரோமாபுரிக்கெல்லாம் போய் வந்தவர். புத்தகத்தை எடுத்து உபதேசியாரிடம் நீட்டினார். உபதேசியார் அதைக் குசினிக்குள் கொண்டுபோய் அடுப்பில் வைத்தார். சுவாமியாரின் தேத்தண்ணிக்குத் தண்ணீர் அதில்தான் கொதித்தது. அவர் அதைக் குடித்தார்.

ஐயா மாமியைப் பார்த்துக் கடைசியாகக் கேட்டார். "அவையிட்டைப் போய்ச் சொன்னது பொய்யெண்டு சொல்லு. சொன்னியெண்டால் வீட்டுக்கு வரலாம்."

"சின்னண்ணை, நீங்களும் ஒருக்காப் போங்கோ" என்றார் மாமி. "நான் கூட வாறன். கஷ்டமில்லை, அவை இருக்கச் சொல்லுவினம்."

ஐயா அவருக்குக் கன்னத்தில் அடித்தார், சுவாமியாருக்கு முன்னால். சுவாமியார் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி அன்றைக்கே பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டார். உடுத்த சீலையோடு போனார். தையற்பெட்டியை அம்மா எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வருசம் ஐயா மூப்பரானார். ஏன் ஆகமாட்டார்? ஊருக்கு ஏற்ற மூப்பர். நிறையக் காலம் அந்தப் பதவியில் இருந்து, நோயில் விழுந்து, அவஸ்தைப் பூசுதல் வாங்கி, பாண்ட் வாத்தியத்தோடு அடக்கம்பண்ணப்பட்டார். பிரசங்கத்தில் அவரைச் செபத்தின் மனிதர் என்றார்கள். பெரியப்பா வந்து பெட்டியில் கைவைத்துத் தூக்கினார். தூக்கிவிட்டு ஒருவரோடும் பேசாமல் போனார்.

ஐயா செத்து எட்டாம்நாள் செய்யும் எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அம்மா வெள்ளைச் சீலையோடு என்னைக் கூப்பிட்டார். "வா, ஒரு இடத்துக்குப் போகவேணும்." நான் அப்போது படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். எங்கே என்று கேட்காமல் கூடப் போனேன். வடலிகளுக்கு ஊடாகப் பெரியம்மாவின் படலைக்குப் போனதும் அம்மா நின்றுவிட்டார். 

பெரியம்மா வெளியே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பின்னால் மாமி.

"அக்கா" என்றார் அம்மா. "எனக்கும் தெரியும். அண்டைக்கு நான் குசினிக்குள்ளை நிண்டனான். எல்லாம் கேட்டது."

"உனக்குத் தெரியுமெண்டு எனக்குத் தெரியும்" என்றார் பெரியம்மா. "உங்கட குசினி வேலிக்கரையிலைதானே. உனக்குக் கேளாமல் போகுமோ? எப்ப வருவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். வெயிலுக்குள்ளை நில்லாதை, வந்து இரு." பிறகு மாமியிடம் திரும்பி, "தேத்தண்ணி வையும்" என்றார்.

அம்மா அந்த முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தார், அழுதுகொண்டு. ஐயா செத்து மண்ணுக்குள் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு வந்தவர். நான் அம்மாவை மன்னிக்கவில்லை, இன்றுவரைக்கும் இல்லை. பெரியம்மா மன்னித்தார். அவருக்கு அந்த உரிமை இருந்தது.